எத்தனை நாள் பயிர்? வீட்டுத் தோட்டத்தில் முன்பருவ உருளைக்கிழங்கு

இங்கிலாந்துக்கு வந்து முதல் தடவையாக வீட்டுப் பின்பக்கத்தில் உருளைக்கிழங்கு போட்ட வருஷம், தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை, தண்ணீரைப் பற்றியும் கேட்கவில்லை. "எத்தனை நாள் பயிரும்மா அது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. விதைக்கிழங்குப் பையில் 'ஃபர்ஸ்ட் எர்லி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சீக்கிரமாக நட வேண்டிய ரகம் போலிருக்கிறது என்று நினைத்து வாங்கி வந்திருந்தேன். அப்பா கேட்டதற்குப் பதில் அந்தப் பையிலேயே இருந்தது என்பது மறு வருஷம்தான் புரிந்தது.

'எர்லி' என்பது நடும் தேதியைச் சொல்லவில்லை. விளைந்து முடிக்கும் வேகத்தைச் சொல்கிறது. நெல்லில் குறுவை, சம்பா என்கிறோமே, அதே கணக்குதான். குறுவைக்கு 110 நாள் சொச்சத்தில் அறுப்புக்கு வரும் ரகம், சம்பாவுக்கு 150 நாள் வரை வயலில் நிற்கும் ரகம் என்று பார்த்துப் போடுகிறோம். இங்கே உருளைக்கிழங்கை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நட்ட 10 முதல் 12 வாரத்தில் தோண்டலாம் என்றால் ஃபர்ஸ்ட் எர்லி. 13, 14 வாரம் ஆனால் செகண்ட் எர்லி. 16 வாரத்துக்கு மேல், சில ரகங்கள் 20 வாரம் வரைகூட, மண்ணுக்குள் கிடப்பவை மெயின்கிராப். மூன்றையும் ஒரே நாளில் நட்டாலும், முதலாவது ஜூனில் தட்டுக்கு வந்துவிடும். மூன்றாவதற்குச் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒரே ஒரு பாத்திதான் இருக்கிறது, அதில் என்ன போடலாம் என்று யாராவது கேட்டால் நான் ஃபர்ஸ்ட் எர்லி உருளைக்கிழங்கைத்தான் சொல்வேன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படி என்பது அப்புறம்.

ஜூலையில் வரும் கருகல்

எனது இரண்டாம் ஆண்டில், நிறைய விளையும் என்ற ஆசையில் மெயின்கிராப் ரகம் போட்டேன். ஜூலை நடுவில் செடிகள் இடுப்பளவு வளர்ந்து, பார்க்கவே மனசு நிறைந்தது. நான்கு நாள் விடாமல் தூறல். ஐந்தாம் நாள் காலையில் சில இலைகளின் ஓரத்தில், வெந்நீர் பட்டதுபோல் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். திட்டைச் சுற்றி, கோலமாவு தூவியதுபோல மெல்லிய வெள்ளைப் படலம். ஒரு வாரத்துக்குள் தண்டுகள் கறுத்துச் சாய்ந்து, பாத்தி முழுக்க அழுகல் வாடை வந்துவிட்டது. தோண்டியதில் பாதிக்கு மேல் தோலுக்குக் கீழே செம்பழுப்பாகக் கெட்டிருந்தது.

இதுதான் பின்பருவ இலைக்கருகல். பூஞ்சை போலத் தோன்றும் ஒரு நுண்ணுயிரியின் வேலை. அதன் வித்துகள் காற்றிலும் மழைத் துளியிலும் பரவும். இங்கே வானிலையைப் பார்த்து எச்சரிக்கை கொடுக்க 'ஹட்டன்' அளவுகோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்து, அந்த இரண்டு நாளிலும் குறைந்தது 6 மணி நேரம் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், கருகல் வர வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். இங்கிலாந்துத் தோட்டங்களில் பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இப்படிப்பட்ட நாட்கள் வந்துபோகும்.

அயர்லாந்தின் பெரும் பஞ்சத்துக்குக் காரணமும் இதே நோய்தான். 1845 செப்டம்பரில் நோய் அங்கே பரவியபோது, ஏழைகள் நம்பியிருந்த 'லம்பர்' என்ற பின்பருவ ரகம் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் போய், சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். ஒரே ரகத்தையும் ஒரே அறுவடைக் காலத்தையும் நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஃபர்ஸ்ட் எர்லிக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி ஒன்றும் கிடையாது. பெரும்பாலான ரகங்கள் நோய் வந்தால் சுருண்டுவிடும். ஆனால் கருகல் வரும் நேரத்தில் அது மண்ணில் இருப்பதில்லை, அவ்வளவுதான். மார்ச் கடைசியில் நட்டு, ஜூன் நடுவிலிருந்து தோண்டத் தொடங்கினால், ஜூலை மழை வரும்போது பாத்தி காலியாக இருக்கும். மருந்து அடிக்க வேண்டாம், இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சீக்கிரம் கிழங்கு வைப்பது எப்படி?

உருளைக்கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அங்கே வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அந்த ஊர்ச் செடி, பகல் குறுகினால்தான் கிழங்கு வைக்கும். 16ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்கு வந்தபோது சிக்கல் ஆனது. இங்கே ஜூனில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். செடி வெறும் இலையாக வளர்ந்துகொண்டே போய், இலையுதிர் காலத்தில் பகல் குறைந்த பிறகுதான் கிழங்கு கட்டும். அதற்குள் உறைபனி வந்துவிடும். நீண்ட பகலிலும் கிழங்கு வைக்கிற செடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துத்தான் இன்றைய ரகங்கள் வந்தன. அந்த மாற்றத்துக்குக் காரணமான முக்கிய மரபணுவை 2013-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டார்கள். ஃபர்ஸ்ட் எர்லி ரகங்கள், பகல் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல், செடி ஓரளவு வளர்ந்ததுமே கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. பழைய சம்பா ரகங்கள் பலவும் அப்படித்தான். எப்போது நட்டாலும் பகல் குறையும் பருவம் வந்தால்தான் கதிர் தள்ளும். குறுவை ரகங்கள் நாளை எண்ணிக்கொண்டு வந்துவிடும்.

சரி, சீக்கிரம் முடித்துவிடுவதால் விளைச்சல் குறையாதா? குறையும். ஒரு விதைக்கிழங்கிலிருந்து அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எதிர்பார்க்கலாம். மெயின்கிராப்பில் அதைவிட நிறையவே வரும். எடைதான் முக்கியம் என்றால் இது உங்களுக்கான பயிர் இல்லை.

விதைக்கிழங்கும் முளைகட்டுதலும்

சமையலறைக் கூடையில் கிடக்கும் கிழங்கை நடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முளைக்கத்தான் செய்யும். ஆனால் அது எத்தனை நாள் ரகம் என்று தெரியாது, வைரஸ் நோய் இருக்கிறதா என்பதும் தெரியாது. சான்று பெற்ற விதைக்கிழங்கை வாங்குவதுதான் நல்லது. பிரிட்டனில் விற்கும் விதைக்கிழங்கில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில் விளைவது. அங்கே குளிரும் காற்றும் அதிகம் என்பதால், வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோகும் அசுவினிப் பூச்சிகள் குறைவு. ஜனவரியிலேயே கார்டன் சென்டர்களில் வந்துவிடும். ராக்கெட், ஸ்விஃப்ட், அரான் பைலட், டியூக் ஆஃப் யார்க், பென்ட்லண்ட் ஜாவலின் எல்லாம் ஃபர்ஸ்ட் எர்லி. ஷார்லட் என்ற பெயரை அதிகம் பார்ப்பீர்கள். சுவையான ரகம், ஆனால் செகண்ட் எர்லி. முதல் தடவை போடுகிறவர்களுக்கு நான் அரான் பைலட்டைச் சொல்வேன். 1930 வாக்கில் வந்த பழைய ரகம், இன்னமும் விரும்பிப் போடுகிறார்கள்.

வாங்கி வந்ததும் முளைகட்ட வைக்க வேண்டும். இங்கே 'சிட்டிங்' என்பார்கள். ஒரு கிழங்கைக் கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். ஒரு முனையில் கொப்பூழ் மாதிரி ஒரு சின்னத் தழும்பு இருக்கும். தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம் அது. எதிர் முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும். அந்தக் கண்ணுள்ள முனை மேலே பார்க்கும்படி, முட்டை அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாக உட்கார வையுங்கள். சூடு போடாத அறையின் ஜன்னலோரம் போதும். 10 டிகிரி வாக்கில் குளிர்ச்சியாகவும் நல்ல வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். உறைபனி மட்டும் படக்கூடாது.

வெளிச்சம் ஏன்? இருட்டில் வைத்தால் முளை வெளிச்சத்தைத் தேடி வெள்ளை நூலாக நீண்டு, தொட்டாலே ஒடிந்துவிடும். வெளிச்சத்தில் வைத்த முளை கட்டைகுட்டையாக, ஊதாவும் பச்சையும் கலந்து, அடியில் சின்னச் சின்ன வேர்ப் புள்ளிகளோடு இருக்கும். ஆறு வாரத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வந்துவிடும். வலுவான நான்கு முளைகளை விட்டுவிட்டு மீதியைத் தேய்த்து எடுத்துவிடலாம்; முளை குறைந்தால் கிழங்கின் எண்ணிக்கை குறைந்து பருமன் கூடும். மெயின்கிராப்புக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஃபர்ஸ்ட் எர்லிக்கு மட்டும் இதைத் தவறவிடாதீர்கள். வெளியே மண் உறைந்து கிடக்கும் பிப்ரவரியில், ஜன்னலோரத்திலேயே பயிர் சில வாரம் முன்னேறிவிடுகிறது.

நடுவதிலிருந்து பூ வரை

புனித வெள்ளியன்று உருளைக்கிழங்கு நடுவது இங்கே பழைய வழக்கம். எதிர்வீட்டுத் தாத்தா இன்றைக்கும் அன்றுதான் நடுவார். ஆனால் புனித வெள்ளி மார்ச் 20 முதல் ஏப்ரல் 23 வரை எந்தத் தேதியிலும் வரலாம். அதனால் தேதியைவிட மண்ணைப் பார்ப்பது நல்லது. மண் 7, 8 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். கையில் எடுத்துப் பிடித்தால் சேறாகப் பிசுபிசுக்காமல் உதிர வேண்டும். தென் இங்கிலாந்தில் மார்ச் கடைசி வாரம் பொதுவாகச் சரியாக இருக்கும். வடக்கே இரண்டு, மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள்.

வெயில் படும் இடமாகப் பார்த்து 12 சென்டிமீட்டர் ஆழத்தில், ஓர் அடிக்கு ஒரு கிழங்கு, வரிசைக்கு வரிசை இரண்டடி விட்டு, முளை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து மூடுங்கள். அடியில் மக்கிய எரு போட்டால் நல்லது. சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் வேண்டாம்; மண்ணின் காரத்தன்மை கூடினால் தோலில் சொறி நோய் வரும். உருளைக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும்.

ஏப்ரல் நடுவில் கருஞ்சுருளாக இலை மண்ணைப் பிளந்துகொண்டு வரும். அப்போதுதான் உண்மையான கவலை ஆரம்பிக்கும், ஏனென்றால் உறைபனி மே நடுப்பகுதி வரை எந்த இரவிலும் விழலாம். வானிலையில் இரவு 3 டிகிரிக்குக் கீழே என்று சொன்னால், சாயங்காலமே செடிகளை மூடிவிடுவேன். அதற்கென்று ஃப்ளீஸ் துணி விற்கிறார்கள். எங்கள் வீட்டில் பழைய வேட்டிகள் இரண்டு அந்த வேலையைச் செய்கின்றன. காலையில் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் மறந்து இலை கறுத்துப் போனாலும் மனம் தளர வேண்டாம். மண்ணுக்குள் இருக்கும் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். அறுவடைதான் கொஞ்சம் தள்ளிப்போகும்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் மண் அணைக்க வேண்டும். இரண்டு பக்கமிருந்தும் மண்ணை இழுத்து, நுனி இலைகள் மட்டும் வெளியே தெரியும்படி மேடு கட்டுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. உருளைக்கிழங்கு வேர் அல்ல. மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஓடும் தண்டின் நுனி பருத்து உருவாவது. தண்டு என்பதால்தான் வெளிச்சம் பட்டால் பச்சையாகிறது. பச்சையானதில் சோலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும். வேகவைத்தாலும் அது போகாது. நன்றாகப் பச்சையோடிய கிழங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு கட்டம் முக்கியம். நட்ட ஏழெட்டு வாரத்தில் கிழங்குகள் கோலிக்குண்டு அளவில் இருக்கும். அப்போது மண் காய்ந்தால் பருமன் ஏறாது. தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ வேர் நனைய ஊற்றுங்கள்.

மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்ப்பது

மெயின்கிராப்பில் இலை மஞ்சளாகிக் காய்ந்த பிறகுதான் தோண்டுவார்கள். முன்பருவக் கிழங்கில் அப்படிக் காத்திருந்தால் அதை வளர்த்ததற்கே பொருள் இல்லை. இதை இளசாகவே எடுக்க வேண்டும். தேங்காய்க்கும் இளநீருக்கும் உள்ள வித்தியாசம்தான். செடி பச்சைப்பசேல் என்று நிற்கும்போது, பூ விரிந்த உடனே தயார் என்று எடுத்துக்கொள்ளலாம். சில ரகங்கள் மொட்டோடு உதிர்த்துவிடும், சிலது பூக்கவே பூக்காது. அதனால் பூவை மட்டும் நம்ப முடியாது.

நான் செய்வது இது. நட்டுப் பத்து வாரம் ஆனதும், செடியின் ஓரத்தில் மேட்டைக் கையால் மெல்ல விலக்கி, விரலை உள்ளே விடுவேன். குளிர்ந்த மண்ணில் முதலில் கூழாங்கல்லோ என்று தோன்றும் ஒன்று தட்டுப்படும். கட்டை விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு உரியும். கல் இல்லை, கிழங்குதான். கோழிமுட்டை அளவு இருந்தால் அந்தச் செடியைத் தோண்டலாம். சின்னதாக இருந்தால் மண்ணை மூடிவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்ப்பேன். தோண்டும்போது முள்கரண்டி மாதிரி இருக்கும் தோட்டக் கவைக்கோலைச் செடியிலிருந்து ஓர் அடி தள்ளிக் குத்தி நெம்புங்கள். கிட்டக் குத்தினால் நல்ல கிழங்கில்தான் முதலில் பாயும். செடியைத் தூக்கினால் வெளிர்மஞ்சள் கிழங்குகள் மண்ணோடு தொங்கும். நடுவில், நட்ட தாய்க்கிழங்கு வெறும் தோலாகச் சுருங்கிக் கிடக்கும்.

எல்லாச் செடியையும் ஒரே நாளில் தோண்டாதீர்கள். மெல்லிய தோல் என்பதால் மூட்டை கட்டிச் சேமிக்க முடியாது. இரண்டு, மூன்று நாளிலேயே வாடத் தொடங்கும். அன்றைக்குச் சமையலுக்கு எவ்வளவோ அவ்வளவுக்கு ஒரு செடி. மீதி மண்ணுக்குள்ளேயே இருந்துகொண்டு இன்னும் கொஞ்சம் பருக்கும். இந்தக் கிழங்கில் நீர் அதிகம், மாவு குறைவு. வேகவைத்தால் உடையாது, மசியவும் மசியாது. மசால் தோசைக்கும் போண்டாவுக்கும் இதை எடுக்காதீர்கள். தோலோடு இரண்டாகப் பிளந்து, நல்லெண்ணெயில் சீரகம், கறிவேப்பிலை தாளித்து, பொடித்த மிளகு தூவி வதக்கினால் வேறு எதுவும் தேவைப்படாது. இங்குள்ளவர்கள் புதினா போட்டு வேகவைத்து, வெண்ணெய் தடவிச் சாப்பிடுகிறார்கள். அதுவும் நன்றாகவே இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ச் சந்தையில் 'சின்ன உருளை' என்று வாங்குவது பெரும்பாலும் முற்றிய கிழங்கில் சிறியதாகப் பொறுக்கியது. அளவு ஒன்றாக இருந்தாலும் அதுவும் இதுவும் ஒன்றல்ல. தோலைத் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த இளங்கிழங்குக்குப் பேர்போன இடம், பிரான்சு கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெர்சி தீவு. 1880 வாக்கில் ஹ்யூ டி லா ஹே என்ற விவசாயியிடமிருந்து தொடங்கிய ரகம். அதன் உண்மையான பெயர் இன்டர்நேஷனல் கிட்னி. ஜெர்சி மண்ணில் விளைந்தால் மட்டும்தான் 'ஜெர்சி ராயல்' என்று விற்கலாம். தெற்குப் பார்த்த செங்குத்தான கடற்கரைச் சரிவுகளில், கரையொதுங்கும் கடற்பாசியை உரமாகப் போட்டு வளர்ப்பது அவர்கள் மரபு. அந்தச் சரிவுகள் வெயிலை வாங்கிச் சீக்கிரம் சூடாகிவிடுவதால், எங்கள் தோட்டத்தில் இலை வரும்போதே அங்கே அறுவடை நடந்துகொண்டிருக்கும். நம் தோட்டத்துக்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு: தெற்குப் பார்த்த சுவரோரம் இருந்தால் கிழங்கை அங்கே போடுங்கள்.

மண் இல்லாத வீட்டில்

40 லிட்டர் பையில் மூன்று கிழங்கு தாராளமாக வளரும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள், அரையடிக்கு மண்கலவை, மேலே கிழங்கு, அதன்மேல் இன்னும் அரையடி. செடி வளர வளர மண்கலவையை நிரப்பிக்கொண்டே வாருங்கள். மண் அணைப்பதற்கு அது சமம். பையில் மண் சீக்கிரம் காயும் என்பதால், வெயில் நாட்களில் தினமும் தண்ணீர் வேண்டும். உறைபனி இரவில் பையை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி.

பாத்தி காலியான பிறகு

ஜூலை முதல் வாரத்தில் நிலம் கைக்கு வந்துவிடும். கோடை இன்னும் பாதி மிச்சம் இருக்கும். நான் ஒரு பக்கம் வெந்தயக்கீரை தூவுவேன், இன்னொரு பக்கம் வெள்ளை முள்ளங்கி. முள்ளங்கியைப் பகல் நீளும் வசந்தத்தில் விதைத்தால் கிழங்கு வைக்காமல் பூவெடுத்துவிடும். ஜூலைக்குப் பிறகு விதைத்தால்தான் சாம்பாருக்கு ஆகும். அதனால் இந்த இரண்டு பயிரும் ஒன்றன்பின் ஒன்றாக அமைவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

அடுத்த மூன்று வருஷத்துக்கு அதே இடத்தில் உருளைக்கிழங்கோ தக்காளியோ வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம். நூற்புழு மண்ணிலேயே தங்கிவிடும். நீலகிரியில் 1961-ல் கண்டுபிடிக்கப்பட்டு மலை விவசாயிகளைப் படாதபாடு படுத்திய அதே புழுதான். சீக்கிரம் தோண்டிவிடும் பயிரில் அது பெருகி முடிக்க நேரம் கிடைக்காது என்றாலும், இடத்தை மாற்றுவதை விட்டுவிட வேண்டாம். செடியில் பச்சைத் தக்காளி போலக் காய் பிடித்திருந்தால், பிள்ளைகள் வாயில் வைக்கும் முன் பறித்துப் போட்டுவிடுங்கள், அது நஞ்சு.

முள்ளங்கி விதைக்கும் முன் பாத்தியை இன்னொரு தடவை கிளறிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய சுண்டைக்காய் அளவுக் கிழங்குகள் எப்படியும் பத்துப் பன்னிரண்டு கிடைக்கும். ஒன்றைக்கூட விடாமல் பொறுக்கிவிடுங்கள். குளிர்காலத்தைத் தாண்டி மறு வருஷம் முளைப்பவையும், கருகலைச் சுமந்துகொண்டு வருபவையும் அவைதான்.